நண்பன் பெயரில் இருக்கும் சிம்மை எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன், ஆபத்து உண்டா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தீர்கள். போன் தொலைந்தது. அதில் இருந்த சிம் உங்கள் சித்தப்பா பெயரில் இருந்ததால் டூப்ளிகேட் எடுக்க முடியவில்லை. அறைத்தோழர் தன் பெயரில் சும்மா கிடந்த இன்னொரு சிம்மைக் கொடுத்தார். எட்டு மாதமாக அதுதான் உங்கள் எண். வங்கிக் கணக்கு, கூகுள் பே, வாட்ஸ்அப், போன மாதம் ஆதாரும் அதே எண்ணில். "அவன் நல்லவன்தான், ஆனால் என் மெசேஜை அவனால் படிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்க முடியுமா என்பது இதில் சின்னக் கேள்வி. அந்த எண்ணை உங்களிடமிருந்து யார் எடுத்துக்கொள்ள முடியும், அது போய்விட்டால் கூடவே என்னென்ன போகும், அந்த எண்ணால் ஒரு பிரச்சினை வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பவைதான் பெரிய கேள்விகள். கோவையில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் டூப்ளிகேட் சிம், பெயர் மாற்றம், புகார் பிரிவுகளில்தான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் நேராகக் கேட்டதற்குப் பதில்: சிம் உங்கள் போனில் இருக்கும்வரை, பெயர் அவருடையது என்பதால் மட்டும் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அவரால் படிக்க முடியாது, பேச்சைக் கேட்கவும் முடியாது. ஒரு எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அதற்கே உரிய அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் இருக்கின்றன. அந்தச் சாவி சிம்மை விட்டு வெளியே வராது. போனை ஆன் செய்ததும் அந்தச் சாவியை வைத்துத்தான் சிம் தன்னை நெட்வொர்க்குக்கு நிரூபிக்கிறது. உங்களுக்கு வரும் ஓடிபி அந்த ஒரு சிம்முக்கு மட்டும்தான் வரும். வாட்ஸ்அப் செய்திகளோ இரு முனையிலும் பூட்டப்பட்டவை, சிம் நிறுவனத்துக்கே தெரியாது. ஒரே அறையில் இருப்பவர் என்பதால் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். பூட்டாமல் வைத்த போனை யாராவது அரை நிமிடம் கையில் எடுத்தாலே அந்த இணைப்பைச் செய்துவிடலாம். அதற்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

படிக்க முடியாது, ஆனால் பார்க்க முடிவது கொஞ்சம் உண்டு. அந்த எண்ணின் சந்தாதாரர் சட்டப்படி அவர்தான். போஸ்ட்பெய்டு என்றால் எந்த எண்ணுக்கு எப்போது எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்ற பட்டியலோடு அவர் மின்னஞ்சலுக்கே பில் போகலாம். ப்ரீபெய்டிலும் கடந்த ஆறு மாத உபயோக விவரத்தைச் சந்தாதாரர் கேட்டு வாங்கலாம், அதற்கு அதிகபட்சம் ரூ.50 வரை கட்டணம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியே இருக்கிறது. நீங்கள் யாரோடு தினமும் இரவு பத்து மணிக்குப் பேசுகிறீர்கள் என்பது அந்தப் பட்டியலில் தெரியும், என்ன பேசினீர்கள் என்பது தெரியாது. அடுத்தது கால் ஃபார்வர்டிங். பலருக்கு இது தெரிவதில்லை. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் அமைப்பு போனில் பதிவாவதில்லை, நெட்வொர்க்கில்தான் பதிவாகிறது. அவர் எப்போதோ தன் இன்னொரு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால், சிம்மை உங்கள் போனுக்கு மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். நீங்கள் எடுக்காத அழைப்புகள் அவருக்குப் போகும். குரலில் ஓடிபி சொல்லும் அழைப்புகளும் அதில் அடக்கம். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். ஒருவேளை அந்தக் குறியீடு உங்கள் நெட்வொர்க்கில் எடுக்கவில்லை என்றால் போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் நிறுத்துங்கள்.

இப்போது எண்ணை எடுத்துக்கொள்வதற்கு வருகிறேன். சிம் அட்டை கையில் இருப்பதால் எண் உங்களுடையது ஆகாது. விண்ணப்பத்தில் யார் பெயர், யார் ஆதார், யார் முகம் இருக்கிறதோ அவருடையதுதான் எண். அவர் எந்த ஷோரூமுக்கும் போய் "சிம் தொலைந்துவிட்டது" என்று சொல்லி, ஆதார் காட்டி, விரலோ முகமோ வைத்தால் சில நிமிடங்களில் டூப்ளிகேட் கிடைக்கும். புது சிம் உயிர் பெறும் அந்த நொடியில் உங்கள் போனில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

எனக்கு மறக்காத ஒரு காலை நேரம் உண்டு. நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து போனை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே டவர் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் 'சேவை இல்லை'. போன் கோளாறு என்று நினைத்து, வழியில் ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். எண்ணை அடித்துப் பார்த்தேன். காலை பத்தே முக்காலுக்கு வேறொரு ஊர்க் கிளையில் டூப்ளிகேட் போட்டிருக்கிறார்கள். சிம் கணவர் பெயரில். இருவரும் பிரிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "பதினொரு வருஷமா இது என் நம்பர் சார். தையல் கஸ்டமர் எல்லாருக்கும் இந்த நம்பர்தான் தெரியும்" என்றார். கணவர் காட்டிய ஆவணம் சரி, பெயர் சரி, கிளையில் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. ரீசார்ஜ் செய்தது நான்தான் என்று பதினொரு வருட ரசீதைக் காட்டினாலும் அது ஒரு ஆவணமாக நிற்காது. அவருக்காக என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. புது எண் ஒன்றை அவர் பெயரிலேயே போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

இதில் ஒரு சின்னப் பாதுகாப்பு இருக்கிறது. சிம் மாற்றியதும் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. திருட்டுத்தனமாக டூப்ளிகேட் எடுப்பவன் உடனே ஓடிபி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அதே காரணத்துக்காக 2024 ஜூலை முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யவும் விடுவதில்லை. ஆனால் இவை உண்மையான சந்தாதாரரைத் திருடனிடமிருந்து காப்பதற்காக எழுதிய விதிகள். உங்கள் விஷயத்தில் உண்மையான சந்தாதாரர் உங்கள் நண்பர். அந்த 24 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான். திடீரென்று டவர் போய், போனை அணைத்துப் போட்டும் வராமல், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து ஆளுக்கு மட்டும் டவர் இருந்தால், உடனே வங்கிக்கு போன் செய்து கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிறகு காரணம் தேடலாம்.

எண்ணைக் கைப்பற்றியவர் உங்கள் பணத்தை எடுத்துவிடலாமா? எண் மட்டும் இருந்தால் முடியாது. யூபிஐ செயலியைப் புது போனில் போடும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய், எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கைக் காட்டும். அதுவரை போகலாம். ஆனால் பின் நம்பரைப் புதிதாக அமைக்க, டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் வேண்டும். இல்லாவிட்டால் ஆதார் வழி. அதற்கு ஆதார் எண்ணின் முதல் ஆறு இலக்கமும், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியும் வேண்டும். முன்பின் தெரியாத திருடனுக்கு இது பெரிய தடை. ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கும் ஒருவருக்கு, அல்லது அந்த அறைக்கு வந்து போகும் அவருடைய நண்பருக்கு, தடையே இல்லை. உங்கள் டெபிட் கார்டு பர்ஸில், பர்ஸ் ஆணியில் தொங்கும் பேன்ட்டில். ஆதார் நகல் வாடகை ஒப்பந்தத்தோடு அலமாரியில். போன மாதம் ஆதாரையும் இதே எண்ணில் இணைத்தது எனக்கு மிகவும் கவலை தருவது இதனால்தான். ஆதார் ஓடிபியை வைத்து டிஜிலாக்கர், வருமான வரித் தளம், பிஎஃப் கணக்கு என்று பல கதவுகளைத் திறக்கலாம். வங்கியை விட இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் நண்பரை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் கவுண்டரில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோரை யாரும் ஏமாற்றவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேதான் அவர்கள் எண் போனது. உங்களுக்கே அது ஒருமுறை நடந்துவிட்டது, சித்தப்பா பெயரில் இருந்த சிம்மில். அவர் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அவர் ஊரில் இருந்தார், நீங்கள் சென்னையில் இருந்தீர்கள், அது போதுமானதாக இருந்தது. நாளை இரவு பதினொரு மணிக்குக் கோயம்பேட்டில் உங்கள் போனை யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு வேறு போனிலிருந்து அழைத்து சிம்மை நிறுத்தச் சொன்னால், சந்தாதாரர் பெயர், பிறந்த தேதி, மாற்று எண் கேட்பார்கள். நண்பரின் பிறந்த வருடம் உங்களுக்குத் தெரியுமா? காணாமல் போன போனை அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்க போலீஸ் புகாரும், ஓடிபி வாங்க ஒரு எண்ணும் வேண்டும். அதற்காகத்தான் முதலில் டூப்ளிகேட் சிம் எடுக்கச் சொல்வார்கள். டூப்ளிகேட்டுக்கு நண்பர் நேரில் வர வேண்டும். அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தாலோ, துபாயில் வேலை கிடைத்துப் போயிருந்தாலோ, அந்த நேரத்தில் உங்கள் சிம்மை வேறொரு போனில் போட்டு ஓடிபி வாங்கிக்கொண்டிருப்பவனை நிறுத்த உங்களால் முடியாது.

இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போய், ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்தால், ஒருவர் பெயரில் இருக்கும் எண்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என் எண் அல்ல', 'தேவையில்லை', 'தேவை' என்று தேர்வு செய்யலாம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள்வரை இருக்கலாம் என்பதால் பலருக்குத் தங்கள் பட்டியலே மறந்துபோயிருக்கும். மோசடி பற்றிய செய்தி ஒன்றைப் பார்த்துப் பயந்து ஒரு தம்பி தன் பட்டியலைத் திறந்திருக்கிறார். தெரியாத எண் ஒன்று இருந்தது. 'என் எண் அல்ல' என்று அழுத்திவிட்டார். அது மூன்று வருடத்துக்கு முன்பு கல்யாணமாகிப் போன அக்காவுக்கு அவரே வாங்கிக் கொடுத்த சிம். அக்கா வீட்டு கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கான ரகசிய எண்ணும், மகளிர் உரிமைத் தொகை வரவு வைத்த தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. இணைப்பு போன பிறகு, அக்காவும் தம்பியும் ஒன்றாகவே என் முன் வந்து உட்கார்ந்தார்கள். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயருக்கு உரியவர் இறந்துபோவதும் உண்டு. நம் வீடுகளில் அப்பா பெயரில் நான்கு சிம் வாங்கி ஆளுக்கொன்று வைத்திருப்பது சாதாரணம். அப்பா போன பிறகு ஒரு சிம் கெட்டுப்போனால் டூப்ளிகேட்டுக்கு யார் விரல் வைப்பது? இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம் என்று அலைய வேண்டும். அது முடியும்வரை வங்கி எஸ்எம்எஸ் எதுவும் வராது. இந்தப் பதிலை அப்பா, அம்மா, கணவர் பெயரில் சிம் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், நிதானமாக இருக்கும் நாளிலேயே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

எண் ஒருமுறை நின்றுபோனால் அதோடு முடிந்துவிடாது. குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்குப் புது எண்ணாகப் போகலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இது பற்றி ஒரு வழக்கே வந்தது. எண்ணை விடும் முன் வாட்ஸ்அப் கணக்கை அழிப்பது, தகவலைக் காப்பது பயனர் கையில்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. நின்ற எண்களின் பட்டியலை டிராய் வெளியிடுகிறது. 2025 ஏப்ரல் முதல் வங்கிகளும் யூபிஐ செயலிகளும் அதை வாரம் ஒருமுறையாவது பார்த்துத் தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. அதனால் பணப் பக்கம் ஓரளவு காப்பு உண்டு. உங்கள் ஜிமெயில், ஷாப்பிங் செயலி, வேலை தேடும் தளம் எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

எதிர்த் திசையிலும் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணுக்கு உங்களுக்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. உணவு வாங்கும் செயலியில் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்ததும் புதுக் கணக்குத் தொடங்காமல், நண்பரின் பழைய கணக்குக்குள்ளேயே போய் நுழைந்திருப்பீர்கள். அவர் வீட்டு முகவரி, பழைய ஆர்டர் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் எப்போதாவது கடன் செயலியில் இந்த எண்ணைக் கொடுத்திருந்தால் வசூல்காரர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். சஞ்சார் சாத்தியில் உங்கள் கையிலிருக்கும் சிம்மின் ஓடிபியைக் கொண்டே அவர் பெயரில் உள்ள மற்ற எண்களின் விவரத்தையும் பார்த்துவிடலாம். கொடுத்தவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கொடுத்தவருக்குப் பெரிய ஆபத்து போலீஸ் விசாரணைதான். ஒரு எண்ணில் மோசடி அழைப்பு போனதாகப் புகார் வந்தால், முதலில் நிறுவனத்திடம் கேட்பது விண்ணப்பப் படிவத்தை. அதில் இருக்கும் பெயரைத் தேடித்தான் முதலில் போவார்கள். கூடவே, அந்த சிம் எந்தெந்த போனில் ஓடியது என்பதும் பதிவில் இருக்கும். ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. சிம்மைப் போட்டு ஆன் செய்ததுமே அந்த எண் நெட்வொர்க்குக்குத் தெரிந்துவிடும். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றினார்கள். ஆகவே அடுத்தவர் சிம்மைப் போட்டால் நான் மறைந்துவிடுவேன் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அப்படி மறைய முடியாது. நீங்கள் இப்போது அந்த சிம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டாலும், உங்கள் போனும் அந்த எண்ணும் எட்டு மாதம் ஒன்றாக இருந்தன என்பது பதிவில் இருக்கும். சிம் அவரிடம் திரும்பிப் போய், அதை அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அங்கே ஏதாவது நடந்தால், நீங்களும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி சொல்வது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குபவருக்கு மூன்று வருடம்வரை சிறை, அல்லது ரூ.50 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அடுத்தவர் ஆதாரைக் காட்டி வாங்கினால் அது குற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் நண்பர் தன் ஆதாரைக் காட்டித் தன் பெயரில் வாங்கியதைப் பிறகு உங்களுக்குக் கொடுத்தது அந்தப் பிரிவுக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. நான் வழக்கறிஞர் இல்லை, அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் தன் பெயரில் வாங்கிய சிம்மை மற்றவரிடம் கொடுத்து அது தவறாகப் பயன்பட்டால் வாங்கியவரும் பொறுப்பாவார் என்று தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. நண்பரிடம் இதைச் சொல்வது உங்கள் கடமை என்று நினைக்கிறேன்.

பணம் போனால் திரும்பக் கிடைக்குமா என்பதும் அப்படித்தான். மூன்றாம் நபர் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது என்றால் அந்தக் காப்பு பொருந்தாது. அடுத்தவர் பெயரில் இருந்த எண்ணைப் பதிவு செய்தது கவனக்குறைவு என்று வங்கி வாதாடலாம். வாதாடினால் நிற்குமா என்பது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது. அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. எப்படி இருந்தாலும் பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அதே எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பலர் கேட்பார்கள். குடும்பத்துக்குள் மாற்றுவது பொதுவாக முடியும், இருவரும் ஷோரூமுக்கு வர வேண்டும். உறவில்லாத நண்பர்களுக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம், ஏன், கிளைக்குக் கிளை பதில் மாறும். நண்பரோடு போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் அதற்காகச் சண்டை போட்டு நாளை வீணாக்க வேண்டாம். எட்டு மாத எண்தானே, விட்டுவிடலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்று மாலையே என் ஆதாரோடு போய் என் பெயரில் ஒரு சிம் வாங்குவேன். ஆதாரில் ஊர் முகவரி இருந்தாலும் சென்னையில் சிம் கிடைக்கும். உங்கள் போனில் இரண்டு சிம் போடும் இடம் இருந்தால் இரண்டையும் ஒன்றிரண்டு மாதம் சேர்ந்தே ஓடவிடுங்கள். பழையதை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள், எண் மாற்றும்போது பல இடங்களில் பழைய எண்ணுக்கும் ஓடிபி வரும். முதலில் ஆதார். சேவை மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைத்து எண்ணை மாற்றலாம், பதிவாகச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். வங்கியில் மாறிய பிறகு யூபிஐ செயலியில் பழைய எண்ணின் பதிவை நீக்கிவிட்டுப் புது எண்ணில் போடுங்கள். அடுத்து மின்னஞ்சல். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க அதில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள், மற்ற கணக்குகளின் சாவியெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்றே ஒரு வசதி உண்டு. குழுக்களும் உரையாடலும் அப்படியே புது எண்ணுக்கு வரும். மாற்றியதும் ஆறு இலக்க பின் ஒன்று வையுங்கள். அது இருந்தால், நாளை யாராவது உங்கள் எண்ணை எடுத்தாலும் பின் தெரியாமல் ஏழு நாளுக்கு உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. பிஎஃப், வருமான வரி, கேஸ், காப்பீடு எல்லாம் அதற்குப் பிறகு. பட்டியல் போட வராவிட்டால், பழைய எண்ணின் எஸ்எம்எஸ் பெட்டியை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். யார் யார் உங்களுக்கு எழுதியிருக்கிறார்களோ அவர்களிடமெல்லாம் எண் மாற்ற வேண்டும்.

இது முடியும்வரை பழைய சிம்முக்கு ஒரு சிம் பின் போடுங்கள். போன் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும். போன் திருடு போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அந்த நான்கு இலக்கம் இல்லாமல் ஓடாது. மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு எட்டு இலக்க பியூகே எண் வேண்டும். அது நிறுவனத்திடம் இருக்கும், சந்தாதாரர் கேட்டால் கொடுப்பார்கள். அதனால் இது திருடனுக்கு எதிரான பூட்டு மட்டும்தான்.

கடைசியாக ஒன்றும் கேட்டிருந்தீர்கள், அவசரத்துக்கு ஒருநாள் இரண்டுநாள் அடுத்தவர் சிம்மைப் போடுவதுகூடத் தப்பா என்று. வெறும் நெட் வேண்டும் என்றால் சிம்மைக் கேட்காதீர்கள், ஹாட்ஸ்பாட் கேளுங்கள். உங்கள் எண் எங்கும் மாறாது, உங்கள் போனின் ஐஎம்இஐ அவர் எண்ணோடு சேராது. வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றால் அவர் போனிலேயே பேசிவிட்டுக் கொடுங்கள். சிம்மை வாங்கிப் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த எண்ணைக் கொடுத்து எந்தக் கணக்கும் திறக்காதீர்கள், எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

சிம்மைத் திருப்பிக் கொடுக்கும் அன்று, தொடர்பு எண்கள் எதையாவது சிம்மில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பட்டன் போன் பயன்படுத்தியிருந்தால் எஸ்எம்எஸ்களும் சிம்மிலேயே தங்கியிருக்கலாம். அழித்துவிட்டு, சிம் பின்னையும் எடுத்துவிட்டு, ##002# ஒருமுறை போட்டுவிட்டு, அவர் கையில் கொடுங்கள். கொடுத்ததும் அவரையே அவர் போனில் போடச் சொல்லி, அந்த எண்ணுக்கு நீங்கள் புது எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். அவர் போன் அடித்தால் வேலை முடிந்தது.